ஆடிக்காற்று மேல் எல்லாப் பழியையும் போடாதீர்கள்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிச் சொல்லியே, நெல்லைப் பக்கம் ஜன்னலில் படியும் தூசிக்கெல்லாம் காற்றைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம். முதல் தவறு அதுதான். திசையன்விளைப் பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், மணல் நகர்வது இயற்கை. ஆனால் அந்த மணல் கனமானது. தரையோடு தத்திப் போகும், நுரையீரல்வரை போகாது. போவது 10 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய மண்தூள். பனையும் கொல்லாமரமும் (முந்திரி) அடிப்புல்லும் பிடித்து வைத்திருக்கும் மண்ணை ஜேசிபியும் டிப்பரும் கிளறிவிட்டால், அந்தத் தூள் லேசான காற்றுக்கே கிளம்பும். அதை இயற்கைக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கல் உடைக்கும் கிரஷரின் தூசி இன்னும் மோசம். புதிதாக உடைந்த கல்தூளில் சிலிக்கா உண்டு. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறும். தூசி மேலே கிளம்பிய பிறகு தண்ணீர் பீய்ச்சிப் பெரிய பலனில்லை. கல் உடைபடும் இடத்திலும், கன்வேயரிலிருந்து விழும் இடத்திலும் தெளிக்க வேண்டும். எம்-சாண்ட் லாரிக்குத் தார்ப்பாய் கட்டாயம்.

அடுத்தது, ‘சருகுதானே, பிளாஸ்டிக் இல்லையே’ என்று கொளுத்துவது. வேப்பஞ்சருகோ வாழைச்சருகோ கொசுவுக்குப் போடும் மூட்டமோ, அரைகுறையாகப் புகைந்தால் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகளும் கார்பன் மோனாக்சைடும்தான் வரும். இதில் மார்கழி விடியல்தான் மிகக் கெட்ட நேரம். காற்று அடங்கியிருக்கிறது, தீ பரவாது என்று அப்போதுதான் பலர் பற்றவைக்கிறார்கள். தரையொட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ளது வெதுவெதுப்பாக இருப்பதால், மூடி போட்டதுபோல் புகை தெருவிலேயே கிடக்கும். குப்பையை எரிப்பதை 2016 திடக்கழிவு விதிகளே தடுத்துவிட்டன என்பது வேறு விஷயம்.

எரிப்பதற்குப் பதில் மூன்றடி நீள, அகல, ஆழத்தில் ஒரு குழி போதும். அரையடிக்குச் சருகு, மேலே சாணிக்கரைசல், கொஞ்சம் மண் என்று அடுக்கி, 15 நாளுக்கு ஒருமுறை கிளறினால் மூன்று, நான்கு மாதத்தில் உரமாகும். காய்ந்த சருகை மட்டும் கொட்டினால் மக்காமல் கிடக்கும். தண்ணீர் தேங்கினால் நாறும். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒழுகக் கூடாது.

களக்காடு மலைச்சரிவில் கோடையில் தெரியும் தீயையும் இயற்கை என்று விட்டுவிடுகிறோம். மின்னலால் பிடிப்பது அரிது. நம் நாட்டுக் காட்டுத்தீ பெரும்பாலும் ஆள் வைத்ததுதான்.

காற்று மாசை அளக்க வீட்டில் மாட்டும் விலை குறைந்த லேசர் கருவியை அப்படியே நம்புவதும் தவறு. அது புகையை ஓரளவு சரியாகப் பிடிக்கும். பருத்த மண்தூசியைக் குறைத்தே காட்டும். ஆடியில் கண் உறுத்தும்போதும் காற்று சுத்தம் என்று பச்சை நிறம் எரியலாம். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் நேர்மாறு: தாமிரபரணிக் கரைப் பனிமூட்டத்தின் நீர்த்துளியையும் மாசு என்று எண்ணிவிடும். அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினால் தாளிப்புப் புகைதான் பதிவாகும். 24 மணி நேரச் சராசரியைப் பாருங்கள்: ஒரு கனமீட்டர் காற்றில் 2.5 மைக்ரான்வரையுள்ள நுண்துகள் 60 மைக்ரோகிராம், 10 மைக்ரான்வரையுள்ள துகள் 100 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு வரம்பு.

தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றினால் தேரி மணல் நிற்கும், புகை நிற்காது. புகைக்கு என்95 முகக்கவசம் வேண்டும். மூக்குத்தண்டில் கம்பியை அழுத்திவிட வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும்.