கீஃப் வெறும் தூசி இல்லை: தெரியாமல் செய்யும் தவறுகள்

காட்பாடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், கல்லூரிப் பையன்கள் நிறைய வந்துபோகிற ரோடு. போன வருடம் மே மாதம், வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்திய நேரத்தில், ஒரு தம்பி வாரம் தவறாமல் வாந்தி மாத்திரை கேட்டு வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் தலை ஈரமாக இருக்கும், கழுத்தும் தோளும் சிவந்து கிடக்கும். வெயிலுக்கு அடிக்கடி குளிக்கிறான் போல என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கேட்டேவிட்டேன். "சுடுதண்ணிண்ணா, கை பொறுக்காத சூட்டுல ஊத்திக்கிட்டாதான் வயித்துப் பிரட்டல் நிக்குது" என்றான். வேலூர் வெயிலில் சுடுதண்ணீர்க் குளியல் என்றதும்தான் எனக்கு உறைத்தது. கஞ்சா பழக்கம் இருக்கிறதா தம்பி என்று மெதுவாகக் கேட்டேன். "அதெல்லாம் குறைச்சிட்டேண்ணா, கஞ்சா அரைக்கிற சின்ன கிரைண்டர் அடியில விழற தூசிய மட்டும் சேர்த்து வெச்சுப் போட்டுக்கறேன்" என்றான்.

குறைத்துவிட்டதாக அவன் மனதார நம்பினான். உண்மையில் அவன் பல மடங்கு ஏற்றிவிட்டிருந்தான். அந்தத் தூசிக்குப் பெயர்தான் கீஃப்.

கஞ்சாவின் பெண் பூவை உருப்பெருக்கியில் பார்த்தால் மேலெல்லாம் குட்டிக் குட்டிக் காளான் மாதிரி நிற்கும், ஒரு காம்பு, அதன் தலையில் ஒரு உருண்டை. ட்ரைக்கோம் என்பார்கள். போதை தரும் டி.எச்.சி. பெரும்பாலும் அந்த உருண்டைக்குள் இருக்கும் பிசினில்தான் இருக்கிறது. காய்ந்த பூவை அரைக்கும்போது இந்த உருண்டைகள் உடைந்து, சல்லடைக்குக் கீழே மஞ்சளும் பச்சையும் கலந்த மகரந்தப் பொடி மாதிரி சேரும், விரலால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். மேலே நிற்கும் இலையும் பூவும்தான் சக்கை, கீழே விழுந்ததுதான் சாறு. கரும்பு ஆலையில் நின்றுகொண்டு சாற்றைக் கழிவு என்று சொல்வோமா? அரபியில் கைஃப் என்றால் இன்பம், மயக்கம். மேல்விஷாரம், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசுகிறவர்களுக்குத் தெரிந்த சொல்தான், அதிலிருந்து வந்த பெயர் இது. அந்தப் பெயர் வைத்தவர்கள் இதைத் தூசியாக நினைக்கவில்லை.

அடுத்த தவறு அளவு. இதைக் கொஞ்சம் கணக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு தெரியாததால்தான் பாதிப் பையன்கள் விழுகிறார்கள். அமெரிக்காவில் போலீஸ் பிடித்த கஞ்சாவைச் சோதித்தபோது டி.எச்.சி. 1995ல் சுமார் 4 சதவீதம், 2014ல் சுமார் 12 சதவீதம். கீஃப் என்று வந்துவிட்டால் 30, 40, 50 சதவீதம்கூடச் சகஜம். இன்னொரு பக்கம், கீமோதெரபி வாந்திக்காக அமெரிக்காவில் 1985ல் அனுமதி பெற்ற ட்ரோனாபினால் என்ற மாத்திரை இருக்கிறது, அதுவும் இதே டி.எச்.சி.தான், ஆனால் ஆய்வகத்தில் செய்தது. அதன் சிறிய கேப்ஸ்யூல் 2.5 மில்லிகிராம். இப்போது கால் கிராம் கீஃப் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு டீஸ்பூனின் நுனி அளவுகூட வராது. 40 சதவீதம் என்றால் 100 மில்லிகிராம் டி.எச்.சி. அதாவது 40 கேப்ஸ்யூல். நாற்பது மாத்திரையை ஒரே வாயில் போடுவாயா என்று அந்தத் தம்பியிடம் கேட்டபோது ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். அதிலும் ஒரு தெருப் பொட்டலம் மாதிரி இன்னொன்று இருக்காது, அதனால் போன வாரம் தாங்கிய அளவு இந்த வாரமும் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதையே சாப்பாட்டில் கலந்தால் ஆபத்து வேறு மாதிரி. புகையாக இழுத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும், போதும் என்று நிறுத்தவாவது வழி இருக்கிறது. வயிற்றுக்குள் போனால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. கல்லீரல் அதை இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றி ரத்தத்தில் விடும், அது ஆறு, எட்டு மணி நேரம் இறங்காது. "ஒண்ணுமே ஏறலடா" என்று ஒரு மணி நேரத்தில் இன்னொரு துண்டு சாப்பிடுகிறவன்தான் நடு இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகப்போகிறேன் என்று அழுகிறான். அந்த நேரத்தில் கூட இருப்பவர்கள் செய்கிற தவறுகள் தனி. எலுமிச்சை பிழிந்து கொடுப்பது, மோர் கொடுப்பது, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது, விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது. இதில் எதுவும் போதையை இறக்காது, அரை மயக்கத்தில் இருப்பவனை வாந்தி எடுக்கவைத்தால் அது மூச்சுக்குழாயில் போய் உயிருக்கே ஆபத்து. வெளிச்சம் குறைவான இடத்தில் உட்காரவையுங்கள், கண் செருகினால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பக்கத்திலேயே இருந்து இது இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். நெஞ்சுவலி, வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், இல்லாதது கண்ணில் தெரிவது என்றால் யோசிக்கவே வேண்டாம், 108.

சித்தர்கள் சொன்னதுதானே, நம் முன்னோர்கள் குடித்ததுதானே என்று ஒரு வாதம் எப்போதும் வரும். நம் வட ஆற்காட்டில் ஜவ்வாது மலையில் வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சா பயிரானது உண்மைதான். சித்த மருத்துவத்தில் கஞ்சா சேரும் மருந்துகள் இருப்பதும் உண்மை. ஆனால் அவை சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு, குன்றிமணிக் கணக்கில் சேர்ப்பவை. இந்திய மருந்துச் சட்ட விதிகளிலேயே, மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் கொடுக்க வேண்டிய நச்சுச் சரக்குகளின் பட்டியலில்தான் கஞ்சா இருக்கிறது. அதைக் கொண்டுவந்து இன்றைய வீரியப் பூவின் சலித்த பிசினுக்குச் சாட்சியாக நிறுத்துவது தப்பு. வீரியம் ஏறினால் மூளைக்கு என்ன ஆகிறது என்று பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2019ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. டி.எச்.சி. 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளதைத் தினமும் எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு மாதிரியான நோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஐந்து மடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. கீஃப் இந்த 10 சதவீதக் கோட்டை எங்கேயோ தாண்டி நிற்கிறது. வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்த குடும்பம் என்றால் தயவுசெய்து இதன் பக்கமே போகாதீர்கள்.

சட்டத்தில் செய்கிற தவறு இன்னும் கொடுமை, ஏனென்றால் அது தெரியவரும்போது கை விலங்கில் இருக்கும். பையன்கள் எல்லாருக்கும் ஒரு கணக்குத் தெரியும்: கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. அது பூவுக்கு. 1985ம் வருடத்து என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டத்தில், கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின் எந்த வடிவத்தில் இருந்தாலும், சுத்தம் செய்ததோ செய்யாததோ, அதற்குப் பெயர் சரஸ். சரஸுக்குச் சிறிய அளவு 100 கிராம்தான், 1 கிலோவைத் தாண்டினாலே வணிக அளவு. சிறிய அளவுக்கே ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதைத் தாண்டினால் 10 வருடம் வரை, வணிக அளவு என்றால் குறைந்தது 10 வருடம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. சரி, நான் வைத்திருந்தது ரெண்டு கிராம்தானே என்று பிரவுனி கேக்கில் கலந்தவன் நினைப்பான். 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, கலவையாக இருந்தால் கலந்த மாவும் சேர்த்து மொத்த எடைதான் கணக்கு என்று. ரெண்டு கிராமைக் கால் கிலோ கேக்கில் போட்டவன் எந்தப் பிரிவுக்குப் போய் நிற்பான் என்று யோசித்துப் பாருங்கள். காட்பாடி ஜங்ஷன் ஆந்திராவிலிருந்து வரும் ரயில்களுக்கு வாசல் மாதிரி, அங்கே பை சோதனை புதிதில்லை. தாய்லாந்து டூர் போய்விட்டு, அடியில் பொடி ஒட்டிய கிரைண்டரைப் பையில் மறந்து சென்னை விமான நிலையத்தில் இறங்குவதும் இதே வகைதான், அங்கே கடையில் விற்றார்கள் என்பது இங்கே பதிலாகாது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிற விஷயம். வேலூருக்கு வைத்தியத்துக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு. மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கி, சின்ன ஸ்டவ்வில் தாங்களே சமைத்துக்கொண்டு சிகிச்சை எடுக்கிறார்கள். அவர்களில் சிலரிடம், கீமோ வாந்திக்கும் வலிக்கும் இது நல்லது என்று போனில் எதையோ பார்த்துவிட்டு யாராவது கீஃப் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொடுப்பவர் பாசத்தில்தான் கொடுக்கிறார். ஆனால் தெருப்பொடியில் பூஞ்சை இருக்கலாம், அதிலும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் டப்பாவில் கிடந்தது என்றால் கேட்கவே வேண்டாம். நமக்கு ஒரு இருமலோடு போகிற ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை, கீமோவில் வெள்ளையணு இறங்கியவருக்கும் மாற்றுச் சிறுநீரகம் வைத்தவருக்கும் நுரையீரலில் பற்றி உயிரை எடுத்துவிடும், கஞ்சாப் புகையிலிருந்து அப்படித் தொற்றியதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இது அந்த மருந்தின் வேலையை ஏற்றிவிட்டு ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். வாந்தி தாங்கவில்லை என்றால் கீமோ கொடுக்கும் டாக்டரிடமே சொல்லுங்கள், ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று என்று அதற்கு இன்று நல்ல மருந்துகள் வரிசையாக இருக்கின்றன.

கலப்படம் என்று ஒன்று இருக்கிறது. பூவில் கலந்தால் கண்ணுக்குத் தெரியலாம், பொடியில் என்ன கலந்தாலும் தெரியாது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் 2007ல் வயிற்றுவலி, ரத்தசோகை என்று இளைஞர்களாக ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தார்கள், பார்த்தால் எடை கூட்ட கஞ்சாவில் காரீயத் தூள் கலந்திருந்தார்கள்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை நிதானத்தில் இருப்பவனையே சோதிக்கிற ரோடு.

டப்பாவில் ஒளித்துவைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையன் கீஃபை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சமையலறைப் பரணில் ஒளித்துவைத்திருந்தான். ஆயாவுக்குச் சளி. கஷாயப் பொடி என்று நினைத்து மருமகள் அதை ஒரு ஸ்பூன் எடுத்துப் பாலில் கொதிக்கவைத்துக் கொடுத்துவிட்டாள். சூடும் பாலின் கொழுப்பும் சேர்ந்தால் அதன் வேகம் ஏறிவிடும், அதை ஒளித்துவைத்தவனுக்கு நன்றாகத் தெரியும், கொடுத்தவளுக்குத் தெரியாது. 78 வயது ஆயாவுக்குப் பக்கவாதம் என்று நினைத்து ஸ்கேன் வரை போனார்கள். அந்தப் பையன் வராண்டாவில் நின்றுகொண்டு ஐந்து மணி நேரம் வாய் திறக்கவில்லை. ஆயா பிழைத்துக்கொண்டார். அதுவே ஒரு சின்னக் குழந்தையாக இருந்திருந்தால் மூச்சே மந்தமாகிப் போகும்.

சுடுதண்ணீர்த் தம்பிக்கு இருந்தது என்ன என்பதை இன்னும் சொல்லவில்லை. அதிக வீரியத்தில் நாள்பட்ட கஞ்சாப் பழக்கம் உள்ள சிலருக்கு வரும் வாந்தி நோய் அது, 2004ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் எழுதியபிறகுதான் உலகம் கவனித்தது. சுடுதண்ணீர்க் குளியலுக்கு அடங்குவதுதான் அதன் அடையாளம். கஞ்சா வாந்தியை நிறுத்தும் என்று கேள்விப்பட்டதால் இவர்கள் வாந்தி வர வர இன்னும் எடுப்பார்கள், அதுதான் நோயே. உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் கெட்டுப்போகலாம். நிறுத்தினால் மட்டுமே தீரும். அந்தத் தம்பி டாக்டரிடம் முதலில் பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, எண்டோஸ்கோபி வரை செலவு செய்துவிட்டு வந்திருந்தான். நான் வாந்தி மாத்திரை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, திரும்பப் போய் உள்ளதைச் சொல் என்று அனுப்பினேன். ரெண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள், நிறுத்தி ஒரு மாதத்தில் சாப்பாடு தங்க ஆரம்பித்தது.

போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் டாக்டரிடம் மறைப்பதுதான் நான் கண்ட தவறுகளிலேயே அதிகம் விலை கொடுத்தது. அதே என்.டி.பி.எஸ். சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: சிறிய அளவோடு பிடிபட்டவரோ பயன்படுத்தியதாக வழக்குள்ளவரோ பழக்கத்துக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் விட்டால் கிடையாது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446, போதைப் பழக்கத்துக்கான உதவி எண், இலவசம், வீட்டில் இருப்பவர்களும் பேசலாம். அவசரச் சிகிச்சைக்கு யாரையாவது தூக்கிக்கொண்டு ஓடினால் வாசலிலேயே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: கீஃப், எத்தனை மணிக்கு, புகையாகவா வாயிலா. டப்பாவில் மீதி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.