'நிண்டு பாருங்கோ, பிறகு கதைப்பம்': வேலை தேடேக்க நாங்கள் விடுற பிழையள்

கிளிநொச்சியில டிப்போச் சந்தியில இருந்து கரடிப்போக்கு வரைக்கும் ஏ9 வழிய நடந்து போனா எங்கயாவது ஒரு கடையில 'வேலைக்கு ஆட்கள் தேவை' எண்டு மட்டை தொங்கும். உள்ள போய்க் கேட்டா அநேகமா ஒரே பதில்தான். "நாளைக்கு வந்து நிண்டு பாருங்கோ, சரிவந்தா பிறகு கதைப்பம்." இந்தப் "பிறகு"க்குள்ளதான் எல்லாக் கள்ளமும் கிடக்கு.

நானும் நிண்டனான். ஏஎல் எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டிருந்த நேரம், தீபாவளிக்குக் கிட்ட, ஒரு புடவைக்கடை, பேர் வேண்டாம். விசுவமடுவில இருந்து காலமை பஸ் பிடிச்சு எட்டரைக்கு நிக்கவேணும், ஒரு அம்மா வந்தா முப்பது சாறி விரிக்கச் சொல்லுவா, ஒண்டும் எடுக்காமப் போவா, பிறகு அந்த முப்பதையும் கரை பிசகாம பழைய மடிப்பிலயே மடிச்சுத் தட்டில அடுக்கவேணும், அதுக்குள்ள அடுத்த ஆள் வந்திடும். இருக்கக் கதிரை இல்லை. ராத்திரி எட்டாகும் விட. ஒன்பது நாள். தீபாவளி முடிஞ்ச அடுத்த நாள் "தங்கச்சி கொஞ்சம் ஸ்லோ, ஆள் தேவையெண்டா கோல் பண்ணுறம்" எண்டு சொல்லி ஒரு சட்டைத்துணியை பையில போட்டுத் தந்தினம். அந்தத் துணி இன்னும் தைக்கேல்லை.

என்னோட நிண்ட மற்ற ரெண்டு பிள்ளையளுக்கும் அதே கதைதான், அதே "ஸ்லோ". அப்பதான் விளங்கினது இது ஆள் பாக்கிற வேலையில்லை, சீசனுக்குச் சும்மா ஆள் பிடிக்கிறது எண்டு. தீபாவளி, நத்தார், பொங்கல், சித்திரை வருசம், இதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னால யாராவது "நிண்டு பாருங்கோ" எண்டா ஒருக்கா கலண்டரைப் பாருங்கோ.

என்ர பெரிய பிழை என்னெண்டா சம்பளம் கேக்காதது. முதலாளி மாமாவுக்குப் பழக்கம், அதால வெக்கம். எங்கட பக்கம் வேலையெண்டா பேப்பர்ல பாத்துப் போறது குறைவு, ஆரோ ஒராள் சொல்லித்தான் போறது, கோயில்ல கண்ட அண்ணை, அப்பாவோட படிச்சவர், சித்தியின்ர பக்கத்து வீடு. அப்பிடிப் போன இடத்தில காசு கேட்டா "என்ன பிள்ளை, வந்த உடனே சம்பளம் கேக்குது" எண்டு வீட்டுக்குக் கதை வரும். அந்தப் பயம் முதலாளிமாருக்கு நல்லாத் தெரியும். ஆனா கேக்கிற விதத்தில கேட்டா ஒருத்தரும் கடிக்கமாட்டினம். "அண்ணை, எத்தினை நாள் பாப்பியள், அந்த நாளுக்கு எவ்வளவு போடுவியள்?" இவ்வளவுதான். வாயால சொன்னா காணாது, அண்டைக்குப் பின்னேரமே வாட்ஸ்அப்பில "அண்ணை நாளைக்கு 8.30க்கு வாறன், மூண்டு நாள், நாளுக்கு இவ்வளவு எண்டு கதைச்சனாங்கள்" எண்டு போட்டு விடுங்கோ. அவர் ஒரு "ஓகே" போட்டாலே அது உங்கட கையில ஆதாரம்.

சட்டத்தில சும்மா நிக்கிற "ட்ரையல்" எண்டு ஒண்டு இல்லை. தகுதிகாண் காலம் எண்டு இருக்கு, நிரந்தரமாக்க முதல் ஆளின்ர வேலையைப் பாக்கிற காலம், அதுக்கும் சம்பளம் உண்டு. 2026 ஜனவரியில இருந்து ஆகக்குறைஞ்ச சம்பளம் மாசம் 30,000, நாட்கூலி எண்டா 1,200. இண்டைய கணக்கில என்ர ஒன்பது நாள் 10,800 ரூபா, ஓவர்டைம் சேக்காமலே. கடை அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டுச் சட்டம், அதின்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதுக்கு மேல நிண்டா ஒண்டரை மடங்கு. சம்பளம் எவ்வளவு, எத்தினை மணித்தியாலம், தகுதிகாண் எவ்வளவு காலம் எண்டதெல்லாம் வேலை தொடங்குற அண்டைக்கே எழுத்தில தரவேணும். "ஆறு மாசம் போகட்டும் கடிதம் தாறம்" எண்டா அது அவையின்ர வசதிக்கு.

ஈபிஎஃப், அதுதான் ஊழியர் சேமலாப நிதி, அந்தக் கதையும் அப்பிடித்தான். "பேர்மனன்ட் ஆனாப் பிறகு கட்டுறம்" எண்டுவினம், முதல் நாளில இருந்தே கட்டவேணும். உங்கட சம்பளத்தில 8 வீதம், முதலாளி தன்ர காசில 12 வீதம், ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் அவர்தான். சில பேர் தங்கட 12ஐயும் உங்கட சம்பளத்திலயே வெட்டிப்போட்டு "கட்டுறம்தானே" எண்டு நிப்பினம். சம்பளச் சிட்டை கேளுங்கோ, அங்கத்துவ இலக்கம் கேளுங்கோ.

இனி ஒறிஜினல் சேர்ட்டிபிகேற். உடுப்பை விட்டிட்டு ஃபைலை நெஞ்சோட கட்டிக்கொண்டு 2009 இல முள்ளிவாய்க்காலால வந்த சனம் நாங்கள். அப்பிடிக் காப்பாத்தின பிறப்புச் சான்றிதழையும் ஓஎல் சேர்ட்டிபிகேற்றையும் கடை மனேச்சர் கேட்ட உடனே தூக்கிக் குடுத்திட்டு வாறம், ஏனெண்டு கேக்கிறதில்லை. நீங்கள் இடையில விட்டிட்டுப் போகாமத் தடுக்கத்தான் அதை வாங்கி லாச்சிக்குள்ள வைக்கினம். ஒறிஜினலைக் காட்டுங்கோ, கொப்பியைக் குடுங்கோ, அடையாள அட்டையும் அப்பிடித்தான். யூனிபோமுக்கு, பயிற்சிக்கு, பதிவுக்கு எண்டு முதலே காசு கேக்கிற இடத்துக்கு நான் திரும்பியும் பாக்கமாட்டன். வெளிநாட்டு வேலை எண்டு காசு கேட்டா வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 எண்ட நம்பருக்கு எடுத்து அந்த ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கோ எண்டு கேளுங்கோ.

படிச்ச ஆக்களுக்கும் நடக்குது. என்ர சிநேகிதி ஒருத்தியை ஒரு திட்ட வேலைக்கு இன்டர்வியூ எண்டு கூப்பிட்டு, "சாம்பிளுக்கு" ஒட்டுசுட்டான் பக்கம் 20 வீடு சேர்வே எடுத்துக் குடுக்கச் சொன்னவை. வெயிலுக்குள்ள சைக்கிள்ல திரிஞ்சு எடுத்துக் குடுத்தாள், வேலை வேற ஆளுக்கு, சேர்வே அவையிட்ட. ஒரு மணித்தியாலச் சோதனை எண்டா சரி, அவங்கட ரிப்போட்டுக்குள்ள போற வேலையெண்டா அது சோதனை இல்லை.

ஏற்கனவே நிண்டு ஏமாந்தாச்சு எண்டாலும் விடாதேங்கோ. எந்தெந்த நாள், எத்தினை மணிக்குப் போனது வந்தது எண்டு கொப்பியில எழுதுங்கோ, மெசேச்சை அழிக்காதேங்கோ, கூட நிண்ட பிள்ளையளின்ர நம்பரை வாங்கி வையுங்கோ. இதோட தொழில் திணைக்களத்தின்ர கந்தோருக்குப் போய் எழுத்தில முறைப்பாடு குடுக்கலாம், காசு கேக்கமாட்டினம், லோயரும் தேவையில்லை, கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, விசாரிச்சா இடம் காட்டுவினம். நான் அப்ப போகேல்லை, மாமாவுக்கு மரியாதையீனம் எண்டு அம்மா மறிச்சவா.

போன மார்கழி என்ர தங்கச்சி முறையான ஒருத்தி இன்னொரு கடைக்கு அந்த வாட்ஸ்அப் மெசேச்சை அப்பிடியே அனுப்பினவள். ரெண்டு நீலச் சரி விழுந்தது, பதில் வரேல்லை. அவள் போகேல்லை. தை பிறந்தாப் பிறகு அந்தப் பக்கத்தால போகேக்க பாத்தன், மட்டை அப்பிடியே தொங்குது, வெயிலுக்கு எழுத்து வெளிறிப் போய்.