ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையா? எண் போட்டுப் பாருங்கள்

டியூஷனில் ஒரு சமன்பாட்டை எழுதி, இது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையா என்று கேட்டால், பிளஸ் ஒன் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆக்சிஜனைத் தேடுவார்கள். மீதிப் பேர் நிறம் மாறுமா சார் என்பார்கள். இரண்டையும் விடுங்கள். ஒவ்வோர் அணுவுக்கும் வினைக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜனேற்ற எண்ணைப் போடுங்கள்; அதாவது, பிணைப்பு எலக்ட்ரான்களை அதிகம் இழுக்கும் அணுவுக்கே முழுதாகக் கொடுத்துவிட்டால் ஓர் அணுவின் மேல் நிற்கும் மின்சுமையை. எண் ஏறினால் ஆக்சிஜனேற்றம், இறங்கினால் ஒடுக்கம். எதுவும் அசையவில்லையென்றால் அது வேறு வகை வினை.

எண் போட ஒரு சில விதிகளே போதும். தனித்திருக்கும் தனிமத்துக்கு 0. சேர்மத்துக்குள் ஃப்ளூரின் எப்போதும் −1, சோடியம், பொட்டாசியம் +1, கால்சியம், மெக்னீசியம் +2. ஹைட்ரஜன் பெரும்பாலும் +1, உலோக ஹைட்ரைடில் மட்டும் −1. ஆக்சிஜன் பெரும்பாலும் −2, பெராக்சைடில் −1. எல்லாவற்றையும் கூட்டினால் சேர்மத்துக்கு 0 வரவேண்டும்; அயனிக்கு அதன் மின்சுமை வரவேண்டும்.

பிளஸ் டூ ஆய்வகத்தில் பியூரெட்டில் ஊற்றும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு பொட்டாசியம் +1, நான்கு ஆக்சிஜன் −8. மொத்தம் 0 ஆகவேண்டுமானால் மாங்கனீசு +7. குடுவையில் நீர்த்த கந்தக அமிலத்தோடு சூடாக இருக்கும் ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு ஹைட்ரஜன் +2, நான்கு ஆக்சிஜன் −8. அப்படியென்றால் இரண்டு கார்பனுக்கும் சேர்த்து +6, ஒன்றுக்கு +3. வினை முடிந்ததும் மாங்கனீசு +2, கார்பன் டை ஆக்சைடில் கார்பன் +4. மாங்கனீசு 5 இறங்கியிருக்கிறது, கார்பன் 1 ஏறியிருக்கிறது. தான் இறங்கி மற்றதை ஏற்றிவிடும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றி, தான் ஏறி மற்றதை இறக்கிவிடும் ஆக்சாலிக் அமிலம் ஒடுக்கி. கந்தகம் முன்னும் பின்னும் +6தான், அது வேடிக்கை பார்க்கிறது.

இனி நிறத்தை ஏன் நம்பக்கூடாது என்று பார்ப்போம். ஆரஞ்சு நிற டைகுரோமேட் கரைசலில் காரம் விட்டால் மஞ்சள் குரோமேட்டாக மாறும். கண்ணுக்கு நல்ல காட்சி. ஆனால் இரண்டிலும் குரோமியம் +6. வினையில் எண் எதுவும் அசையவில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போகும்; அங்கேயும் கால்சியம் +2, கார்பன் +4, ஆக்சிஜன் −2 என்று எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சறுக்கும் இடம் அம்மோனியம் நைட்ரேட். சூடாக்கினால் நைட்ரஸ் ஆக்சைடும் நீரும் வரும். சேர்மம் முழுவதையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டால் நான்கு ஹைட்ரஜன் +4, மூன்று ஆக்சிஜன் −6, இரண்டு நைட்ரஜனுக்கு +2, ஆக ஒன்றுக்கு +1. நைட்ரஸ் ஆக்சைடிலும் நைட்ரஜன் +1. மாற்றமே இல்லை என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்த +1 வெறும் சராசரி. அயனிகளைப் பிரித்துப் போடுங்கள்: அம்மோனியத்தில் நைட்ரஜன் −3, நைட்ரேட்டில் +5. ஒன்று ஏறி, இன்னொன்று இறங்கி, இரண்டும் +1இல் வந்து சேர்கின்றன. அசல் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை! ஆகவே ஒரே தனிமம் இரண்டு அயனிகளில் இருந்தால் சேர்த்துக் கூட்டாதீர்கள்.

தேர்வில் நேரம் இல்லையா? சமன்பாட்டின் ஒரு பக்கம் தனியாக நிற்கும் தனிமம் மறுபக்கம் சேர்மத்துக்குள் போயிருந்தால், கணக்கே போடாமல் ஆம் என்று எழுதலாம். மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் போட்ட இரும்பு ஆணி அப்படித்தான்: இரும்பு 0இலிருந்து +2, தாமிரம் +2இலிருந்து 0. ஆக்சிஜன் ஓசோனாக மாறும் வினையில் இது செல்லாது. அங்கே இரண்டு பக்கமும் தனிமம்தான், எண்ணும் 0தான்.