குரூப் கோட்டா போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் சர்வரில் பகிர்வு ஃபோல்டர்களுக்கு முதன்முதலாகக் குரூப் கோட்டா (ஒரு குரூப்பின் ஃபைல்கள் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்ற வரம்பு) போடுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். மவுன்ட் ஆப்ஷனைச் சேர்க்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடலாம். கட்டளை கொடுத்ததுமே பிழைச்செய்தி காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் பிழையும் காட்டாமல் மாதக்கணக்கில் கிடந்து, டிஸ்க் நிரம்பிய பிறகு தெரியவரும் தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

## ஃபோல்டருக்குக் கோட்டா போட்டதாக நினைத்துக்கொள்வது

குரூப் கோட்டா ஃபோல்டரைப் பார்ப்பதே இல்லை. ஃபைல்சிஸ்டம் முழுவதிலும், ஒரு ஃபைல் எந்தக் குரூப்புக்குச் சொந்தமோ அந்தக் குரூப்பின் பெயரில் அதன் பிளாக்குகளை, அதாவது அது பிடிக்கும் டிஸ்க் இடத்தை, கூட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. இந்த ஒன்று புரியாததால் கெட்டுப்போகும் சர்வர்களைப் பார்க்கும்போது எரிச்சலாகத்தான் வருகிறது.

வழக்கமாக நடப்பது இது. 'அக்கவுன்ட்ஸ்' குரூப்புக்கு 200 ஜிபி ஹார்ட் லிமிட் (தாண்டவே முடியாத வரம்பு) போடுவார்கள். ஃபோல்டரின் குரூப்பை அக்கவுன்ட்ஸ் என்று மாற்றி, பெர்மிஷன் 770 கொடுப்பார்கள். பிரிவில் உள்ளவர்களைக் குரூப்பில் சேர்ப்பார்கள். ஃபைல் திறக்கிறது, சேமிக்கிறது. வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். ஆனால் டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் குடும்பத்தில் இயல்பாக ஒரு பயனரை உருவாக்கும்போது அவர் பெயரிலேயே ஒரு குரூப்பும் உருவாகும். அதுதான் அவருடைய முதன்மைக் குரூப். அக்கவுன்ட்ஸ் அவருக்குத் துணைக் குரூப் மட்டுமே. ஆகவே கவிதா சேமிக்கும் ஃபைல் 'கவிதா' குரூப்பில் போய்ச் சேரும். சில மாதம் கழித்து, ஃபோல்டரின் அளவைச் சொல்லும் டியூ (du) கட்டளை அந்த ஃபோல்டரில் 310 ஜிபி என்று காட்டும். கோட்டாக் கணக்கைக் காட்டும் ரெப்கோட்டாவோ (repquota) அக்கவுன்ட்ஸ் வரியில் வெறும் 4 கேபி என்று காட்டும். அந்த 4 கேபி ஃபோல்டரேதான்.

இதைப் பார்த்ததும், கணக்கைப் புதிதாக எடுக்கும் கோட்டாசெக்கை (quotacheck) திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர்கள் உண்டு. கணக்கில் பிழையே இல்லை, ஃபைல்களின் சொந்தக் குரூப்தான் தவறு. ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது கோட்டாசெக் ஓட்டினால் சரியாக இருந்த கணக்கும் கெடும்.

செய்ய வேண்டியது மூன்று வேலை. முதலில் சிஎச்ஜிஆர்பி -ஆர் (chgrp -R) கொடுத்து, உள்ளே இருக்கும் எல்லாவற்றின் குரூப்பையும் அக்கவுன்ட்ஸ் ஆக்குங்கள். அடுத்து, ஃபைண்ட் மூலம் டைரக்டரிகளை மட்டும் பிரித்து அவற்றுக்கு மட்டும் ஜி+எஸ் (chmod g+s) கொடுங்கள். இந்த செட்ஜிஐடி (setgid) அனுமதி இருந்தால், உள்ளே புதிதாக உருவாகும் ஃபைல் ஃபோல்டரின் குரூப்பையே எடுத்துக்கொள்ளும். சோம்பல்பட்டு 2770-ஐ -ஆர் போட்டு அடித்தால் எக்செல் ஷீட் வரைக்கும் எல்லா ஃபைலுக்கும் எக்ஸிக்யூட் அனுமதி ஏறிவிடும். கடைசியாக எல்எஸ் -எல்டி (ls -ld) கொடுத்துப் பாருங்கள்: குரூப்புக்குரிய மூன்று எழுத்துகளில் கடைசியாக எக்ஸ் இருந்த இடத்தில் சிறிய எஸ் நிற்க வேண்டும். பெரிய எஸ் நின்றால் குரூப்புக்கு எக்ஸிக்யூட் அனுமதி விட்டுப்போயிருக்கிறது.

இதோடு தீர்ந்துவிடாது. செட்ஜிஐடி புதிதாக உருவாகும் ஃபைலுக்கு மட்டுமே வேலை செய்யும். ஹோம் டைரக்டரியும் அதே ஃபைல்சிஸ்டத்தில் இருந்தால், அங்கிருந்து எம்வி (mv) செய்து நகர்த்திய ஃபைல் பழைய குரூப்போடுதான் வந்து சேரும். ரூட்டாக (சர்வர் நிர்வாகியின் முழு அதிகாரக் கணக்கில்) ஆர்சிங்க் -ஏ (rsync -a) ஓட்டினாலும், டார் பேக்கப்பை விரித்தாலும் அப்படியே. அதனால் வாரம் ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் cron) ஃபைண்ட் ஓட்டி, அக்கவுன்ட்ஸ் குரூப்பில் இல்லாத ஃபைல்களைத் தேட வையுங்கள். ஒன்றும் வராவிட்டால் கோட்டா சரியாக இருக்கிறது. சாம்பா (விண்டோஸ் கணினிகளுக்கு ஃபோல்டரைப் பகிரும் மென்பொருள்) வழியாக மட்டும் எழுதுகிற ஃபோல்டர் என்றால் அந்த ஷேரில் ஃபோர்ஸ் குரூப்பும் (force group) போட்டுவிடுங்கள்.

## இரண்டு ஃபோல்டர், ஒரே குரூப்

ஒரே குரூப் இரண்டு ஃபோல்டர்களை வைத்திருந்தால் இரண்டும் ஒரே கணக்கில்தான் ஏறும். ஃபோல்டருக்கு இவ்வளவு என்றுதான் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் அதற்குரியது புராஜெக்ட் கோட்டா. எக்ஸ்எஃப்எஸ் (XFS) ஃபைல்சிஸ்டத்தில் பிகோட்டா (pquota) ஆப்ஷனோடு மவுன்ட் செய்து, ஈடிசியில் (/etc) உள்ள புராஜெக்ட்ஸ் ஃபைலில் '42:' (42 என்பது நீங்கள் புராஜெக்டுக்குத் தரும் எண்) போட்டு ஃபோல்டரின் முழுப் பாதையையும், புராஜ்ஐடி ஃபைலில் பெயரையும் அதே எண்ணையும் எழுதி, எக்ஸ்எஃப்எஸ்_கோட்டாவில் புராஜெக்ட் -எஸ், பிறகு லிமிட் -பி கொடுத்தால் போதும். ஆப்ஷனைச் சேர்த்துவிட்டு ரீமவுன்ட் மட்டும் செய்தால் கோட்டா வராது. அன்மவுன்ட் செய்துதான் ஆக வேண்டும். இந்த முறையில் எம்வி தொல்லையும் இல்லை. வேறு புராஜெக்டுக்குள் ரீநேம் செய்ய கெர்னல் மறுத்துவிடும், எம்வி தானாகவே காப்பி செய்து பழையதை அழிக்கும். கணக்கு சரியாக ஏறும்.

கோட்டா விஷயத்தை அறவே மாற்றி அமைக்க முடிகிற புது சர்வரில் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

## யூனிட்

லிமிட்டைப் போடும் செட்கோட்டா (setquota) கட்டளையில் வெறும் எண் போட்டால் அது 1 கேபி பிளாக். 200 ஜிபி என்றால் 209715200.

## சாஃப்ட் லிமிட்டை எச்சரிக்கை என்று மட்டும் நினைப்பது

சாஃப்ட் லிமிட்டைத் தாண்டியும் எழுத விடும் கிரேஸ் காலம் இயல்பாக 7 நாள். அது முடிந்ததும் சாஃப்ட் லிமிட்டே ஹார்ட் லிமிட் போல நடந்துகொள்ளும். சாஃப்ட் 180, ஹார்ட் 200 ஜிபி என்று போட்டிருந்தால், 185-இல் நிற்கும் பிரிவு எட்டாம் நாள் ஒரு ஃபைல்கூடப் புதிதாக எழுத முடியாது. விண்டோஸிலிருந்து சாம்பா வழியாக வருகிறவர்களுக்கு இடையில் எந்தச் செய்தியும் போய்ச் சேராது. வார்ன்கோட்டா (warnquota) கட்டளை மெயில் அனுப்பும். குரூப்புக்கு யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் கோட்டாஜிஆர்பிஅட்மின்ஸ் (quotagrpadmins) ஃபைலில் எழுதிவைக்க வேண்டும்.

லிமிட்டில் முட்டும்போது நடக்கும் சேதம் இன்னும் மோசம். சில மென்பொருள்கள் சேமிக்கும்போது பழைய ஃபைலைக் காலிசெய்துவிட்டு எழுதத் தொடங்கும். காலிசெய்வது நடந்துவிடும், எழுதுவது மறுக்கப்படும். மிஞ்சுவது 0 பைட் ஃபைல்.

## ரூட்டாகச் சோதிப்பது

எக்ஸ்ட்4 (ext4) ஃபைல்சிஸ்டத்தில் ரூட்டை ஹார்ட் லிமிட் தடுக்காது. சாதாரணப் பயனராக நுழைந்து சோதியுங்கள்.

## குப்பைத்தொட்டி

சாம்பாவின் ரீசைக்கிள் மாட்யூல் ஷேருக்குள்ளேயே வைத்திருக்கும் ஃபைல்களும் கோட்டாவில் சேரும். அழித்தும் இடம் குறையவில்லை என்று புகார் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

## தவறான பிழைச்செய்தியை நம்புவது

எக்ஸ்எஃப்எஸ் புராஜெக்ட் கோட்டா நிரம்பினால் கோட்டா தாண்டியதாகச் செய்தி வராது, டிஸ்க்கில் இடமில்லை என்றுதான் வரும். அதை நம்பி லாக் ஃபைல்களை அழிக்கத் தொடங்காமல், அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து, இட அளவைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். மொத்த அளவு என்று அங்கே காட்டுவது டிஸ்க்கின் அளவை அல்ல, நீங்கள் போட்ட லிமிட்டை.