வாக்குச்சாவடி மாறியது தெரியாமல் ஓட்டைத் தவறவிடாதீர்கள்

2021 சட்டமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் ஏறத்தாழ 89,000 வாக்குச்சாவடிகள் இருந்தன. 2024 மக்களவைத் தேர்தலில் அது ஏறத்தாழ 68,000 ஆகிவிட்டது. கொரோனா காலத்தில் கூட்டம் சேரக் கூடாதென்று ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அப்புறம் அது 1,500-க்கு ஏறியது. 2025-இல் தேர்தல் ஆணையம் அதை 1,200-ஆகக் குறைத்தது. இந்த எண் மாறும் ஒவ்வொரு முறையும் சாவடிகள் பிரிகின்றன, சேர்கின்றன, அடுத்த தெருப் பள்ளிக்கு நகர்கின்றன. இருபது வருடமாக ஒரே வீட்டில் குடியிருப்பவருக்கும் பூத் மாறியிருக்கலாம்.

அதனால் "போன தடவை போட்ட இடம்தானே" என்று கிளம்பிப் போவதுதான் முதல் தவறு. ஆனால் இதற்கு வாக்காளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. தேர்தல் ஆணையத்தின் முன் அனுமதியோடு மாவட்டத் தேர்தல் அதிகாரி போதுமான வாக்குச்சாவடிகளை அமைக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு எந்தச் சாவடி என்ற பட்டியலை, ஆணையம் சொல்லும் முறையில் வெளியிட வேண்டும். அவ்வளவுதான். உங்கள் சாவடி மாறினால் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. பட்டியலை வெளியிட்டதோடு சட்டத்தின் கடமை முடிந்துவிடுகிறது. வீடு தேடி வரும் தகவல் சீட்டு, விளம்பரம், ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாம் ஆணையத்தின் அறிவுறுத்தல்படி அதிகாரிகள் செய்பவை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2021-இல் கொண்டுவந்த தேர்தல் சட்டம் பல விஷயங்களுக்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்த விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அதில் உள்ள ஓர் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. சாவடி மாறினால், அடுத்து வரும் தேர்தலுக்கு முந்தைய ஏழு நாட்களும் தேர்தல் நாளிலும் பழைய இடத்திலேயே அறிவிப்பு வைக்க வேண்டும். அந்த அறிவிப்புப் பலகைகளில் ஒன்றாவது குறைந்தது நான்கடிக்கு நான்கடி அளவில் இருக்க வேண்டும். புதிய இடம் எது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பலகையின் அளவைக்கூடச் சட்டத்திலேயே எழுதி வைத்தால் அதிகாரி "எப்படியோ தெரியப்படுத்திவிட்டோம்" என்று சொல்லித் தப்ப முடியாது. நம் சட்டத்திலும் இப்படி ஒரு வரி வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது வரும்வரை தேடித் தெரிந்துகொள்ளும் வேலை நம் தலையில்தான்.

சீட்டு வரும் என்று காத்திருப்பது

வாக்குப்பதிவுக்குக் குறைந்தது ஐந்து நாட்களுக்கு முன்பே வாக்காளர் தகவல் சீட்டைக் கொடுத்து முடிக்க வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. பகுதிக்கென்று நியமிக்கப்பட்ட வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு வீடாகப் போய்த் தருவார். பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியரோ பள்ளி ஆசிரியரோதான் அந்தப் பொறுப்பில் இருப்பார். தன் வழக்கமான வேலைக்கு நடுவே இதையும் செய்பவர். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது அவர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மொத்தச் சீட்டும் காவலாளியின் மேசையிலேயே கிடக்கலாம். சீட்டு வரவில்லை என்பதால் ஓட்டு இல்லை என்று ஆகிவிடாது. சீட்டு இல்லாமலும் வாக்களிக்கலாம். பட்டியலில் பெயரும் கையில் அடையாள ஆவணமும் இருந்தால் போதும்.

இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. சீட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். 2019-க்கு முன்பு புகைப்படத்தோடு வந்த சீட்டை அடையாளமாக ஏற்றார்கள், இப்போது ஏற்பதில்லை. வாக்காளர் அடையாள அட்டையோ, அது இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை போன்ற அங்கீகரிக்கப்பட்ட ஆவணங்களில் ஒன்றோ கட்டாயம் வேண்டும்.

அட்டையில் அச்சான பாகம் எண்ணை நம்புவது

தொகுதியின் வாக்காளர் பட்டியலைச் சாவடி வாரியாகப் பிரித்திருப்பார்கள், அப்படிப் பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு பாகம். அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பாகம் எண்ணும் அதன் பெயரும் அச்சாகியிருக்கும். அது அந்த அட்டை அச்சான காலத்து எண். பட்டியலை மறுசீரமைத்த பிறகு அந்த எண் வேறொரு தெருவுக்குப் போயிருக்கலாம். அட்டையில் மாறாமல் இருப்பது எழுத்தும் எண்ணும் கலந்த அட்டை எண் ஒன்றுதான். அதை வைத்துத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ தேடுங்கள். இப்போதைய பாகம் எண், வரிசை எண், சாவடியின் பெயர் மூன்றும் கிடைக்கும். இணையம் கைவசம் இல்லாதவர்கள் 1950-க்குப் போன் செய்து கேட்கலாம்.

இங்கே இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாவடியின் பெயரைப் பள்ளியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் கடைசிவரை படியுங்கள். "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, வடக்குப் பார்த்த தார்சுக் கட்டடம், கிழக்குப் பகுதி" என்பதுபோல நீளமாக இருக்கும். ஒரே வளாகத்தில் நான்கைந்து சாவடிகள் இருக்கும். ஓடு வேய்ந்த கட்டடத்தில் ஒன்று, தார்சுக் கட்டடத்தின் இரண்டு பக்கங்களில் இரண்டு என்று. பள்ளி மாறாமல் அறை மட்டும் மாறுவதும் உண்டு. பழைய அறை வாசலில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்று, உள்ளே போனதும் "உங்க பாகம் இது இல்லைங்க, அந்தக் கட்டடம்" என்று அனுப்பப்படுகிற முதியவர்களை நினைத்துப் பாருங்கள். பலர் அந்த இரண்டாவது வரிசைக்குப் போவதில்லை, நேராக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கடைசி வரியையும் அவர்களுக்குப் படித்துக் காட்டி, எந்த வாசல், எந்தப் பக்கம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

"பெயரை எடுத்துட்டாங்க" என்று திரும்பிவிடுவது

இதுதான் எல்லாவற்றிலும் மனதை வருத்துகிற தவறு. சாவடிக்குள் இருக்கும் அலுவலரின் கையில் இருப்பது அந்த ஒரு பாகத்துக்கான பட்டியல் மட்டும். அதில் உங்கள் பெயர் இல்லை என்று அவர் சொன்னால், இந்தப் பாகத்தில் இல்லை என்பதுதான் பொருள். தொகுதியிலேயே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் அவரால் முடியாது. ஆனால் கேட்பவருக்கு "பெயரை எடுத்துவிட்டார்கள்" என்றே கேட்கிறது. கோபத்தோடு வெளியே வந்து, வாசலில் நாலு பேரிடம் அதையே சொல்கிறார். அந்த நாலு பேரில் இரண்டு பேர் வரிசையை விட்டுக் கிளம்புகிறார்கள்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். வெளியே உதவி மேசையில் உட்கார்ந்திருக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசியில் நீங்களே தேடுங்கள். பெயர் உண்மையிலேயே நீக்கப்பட்டிருந்தால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால்தான் தேர்தல் தேதி அறிவித்ததுமே ஒரு முறை பெயரைத் தேடிப் பார்த்துவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வீடு மாறியவர்கள் முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுக்க வேண்டியதும் அந்தக் கெடுவுக்கு முன்பேதான். அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக வேறு ஏதோ ஒரு சாவடியில் வாக்களிக்க விட மாட்டார்கள்.

நேரமும் இதில் சேர்ந்தது. வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்து, எவ்வளவு நேரமானாலும் வாக்களிக்க விடுவார்கள். ஆனால் நீங்கள் நிற்பது சரியான வரிசையாக இருக்க வேண்டும். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பழைய பூத்தைத் தேடிப் போய், அது மாறியிருந்தால், புதியதற்கு ஓடுவதற்குள் கதவு சாத்தியிருக்கும். சந்தேகம் இருப்பவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.

உள்ளாட்சித் தேர்தல் என்றால் கணக்கே வேறு. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். பட்டியல் வார்டு வாரியாகப் பிரிக்கப்படும், சாவடிகளும் தனியாக முடிவாகும். சட்டமன்றத் தேர்தலில் போட்ட இடத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் "நம்ம பூத்தை மாத்திட்டாங்க" என்று வரும் செய்தியை அப்படியே அனுப்புவதும் ஆபத்து. உண்மையான மாற்றம் என்றால் ஆணையத்தின் தேடல் பக்கத்தில் தெரியும். அங்கே பார்க்காமல் தெருக் குழுவில் போடாதீர்கள். ஒரு தப்பான செய்தி ஒரு தெரு முழுவதையும் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடும்.

வரைவுப் பட்டியல் வரும்போது சும்மா இருப்பது

சாவடிகளை மாற்றுவதற்கு முன் மாவட்ட நிர்வாகம் வரைவுப் பட்டியலை வெளியிட்டுக் கட்சிகளிடமும் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கும். நம் பேச்சுக்குப் பலன் இருப்பது அந்த ஒரு கட்டத்தில்தான். வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கக் கூடாது என்பது ஆணையத்தின் பொதுவான நெறி. நடுவில் ஆறோ ரயில் பாதையோ நெடுஞ்சாலையோ குறுக்கிடுகிறதா, சாவடி தரைத்தளத்தில் இருக்கிறதா, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. தெருவில் நடப்பவருக்குத்தான் தெரியும். கிராமசபையிலோ குடியிருப்போர் சங்கத்திலோ பேசி, நாலு கையெழுத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்டத் தேர்தல் பிரிவிலோ கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றம் தவிர்க்க முடியாதது என்றால், பழைய கட்டடத்தின் வாசலில் புதிய இடத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கும்படி அதே மனுவில் ஒரு வரி சேருங்கள். அப்படிக் கேட்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.