காஸ்டிலியோனே என்று மட்டும் தட்டாதீர்கள்

போன மாதம் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் விமான நிலைய வாசலில் ஒரு தம்பி வேனுக்குப் பக்கத்தில் நின்று போனில் ஊர்ப் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்ட வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வேனுக்குள் ஆறு பேர், பெட்டிகள், தூங்கி வழியும் ஒரு குழந்தை. எட்டிப் பார்த்தேன். 'காஸ்டிலியோனே' என்று அடித்துவிட்டு, கீழே வந்த பட்டியலில் முதலாவதை அமுக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தக் காஸ்டிலியோனே தம்பி?"

"ஏண்ணே, ரெண்டு இருக்கா?"

பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில் நின்று இதையேதான் தட்டினேன். அன்று என் கையைப் பிடிக்க ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வலது பக்கம் ஓட்டுவது, பழைய நகர மையத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து அபராதம் கட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள்.

பெயரின் முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்வது

காஸ்டிலியோனே என்றால் சின்னக் கோட்டை என்றுதான் பொருள். கோட்டை கட்டிய குன்றுக்கெல்லாம் அந்தப் பெயர் வந்துவிட்டது. திரசிமேனோ ஏரிக்கரையில் காஸ்டிலியோனே தெல் லாகோ இருக்கிறது. தஸ்கனிக் கடற்கரையில் காஸ்டிலியோனே தெல்லா பெஸ்காயா. சியெனாவுக்குத் தெற்கே காஸ்டிலியோனே தோர்ச்சா. போலோன்யாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் நடுவே மலையில் காஸ்டிலியோனே தெய் பேபோலி. மாந்தோவா பக்கம் காஸ்டிலியோனே தெல்லே ஸ்டிவியேரே. அரெத்சோவுக்குப் பக்கத்தில் காஸ்டிலியோன் ஃபியோரென்டினோ என்று இன்னொன்று. இவை எனக்கு ஓட்டிப் பழக்கமான சில ஊர்கள் மட்டுமே.

என் கதைக்கு வருகிறேன். பாட்டி, தாத்தா, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். ஏரிக்கரையில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருந்தார்கள். போக வேண்டியது தெல் லாகோ. நான் அமுக்கியது தெல்லா பெஸ்காயா. போன் சியெனா வழியாகக் கூட்டிப்போனது. ஏரிக்கும் சியெனா வழியாகப் போகலாம் என்பதால் மனதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. சியெனாவைத் தாண்டும் இடத்தில் சாலை பிரிகிறது. ஒரு பக்கம் பெரூஜா, ஒரு பக்கம் க்ரொஸ்ஸேத்தோ. ஏரி இருப்பது பெரூஜா மாகாணத்தில். அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்தேன், படித்தேன், போன் சொன்னபடி க்ரொஸ்ஸேத்தோ பக்கம் திருப்பினேன். இன்றைக்கும் அந்தப் பிரிவைக் கடக்கும்போது வயிற்றைப் பிசையும்.

போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. குன்றின் மேல் கோட்டை, கீழே தண்ணீர். வீட்டுக்காரர் அனுப்பிய படத்திலும் குன்றின் மேல் கோட்டை, கீழே தண்ணீர். இரண்டு ஊரும் அப்படித்தான் இருக்கின்றன! வண்டியை நிறுத்தியதும் பாட்டி ஜன்னலை இறக்கினார். மீன்பிடிப் படகுகள் நிற்கும் கால்வாயிலிருந்து கவிச்சி வாடை வந்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏரியில இப்படி அலை அடிக்குமா தம்பி?" என்றார்.

திரசிமேனோ பரப்பில் பெரிய ஏரி, ஆனால் ஆழம் ஆறு மீட்டர் அளவுதான். அந்த ஓசை அங்கே வராது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "லாகோ! லாகோ!" (ஏரி! ஏரி!) என்று அவர் கத்தியது வண்டியிலிருந்த எல்லோருக்கும் கேட்டது. அங்கிருந்து ஏரிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். பாட்டி சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையை ஏற்கெனவே விழுங்கியிருந்தார். க்ரொஸ்ஸேத்தோவில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் கிடைத்த ரொட்டியை வாங்கிக் கொடுத்து, அவர் கை நடுங்குவது நிற்கும்வரை பக்கத்தில் நின்றேன். நள்ளிரவை ஒட்டிப் போய்ச் சேர்ந்தோம். தாமதக் கட்டணம், கூடுதல் டீசல், மறுநாள் விடியற்காலைச் சவாரி எல்லாம் என் தலையில். பணம் போனதை மறந்துவிட்டேன். பாட்டியின் கை நடுங்கியதை மறக்க முடியவில்லை.

இந்தத் தவறு எனக்கு இன்னும் ஆத்திரமூட்டக் காரணம், இது நடக்கக் கூடாது என்றே இந்த நாடு ஏற்பாடு செய்திருக்கிறது. 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது ஒரே பெயரில் ஊர்கள் குவிந்து கிடந்தன. கடிதம் எங்கே போகும், வரி எந்த ஊர்க் கணக்கில் ஏறும் என்ற குழப்பத்தைத் தீர்க்க, அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஊர்கள் பெயருக்குப் பின்னால் ஆற்றையோ மலையையோ வட்டாரத்தையோ சேர்த்துக்கொண்டன. ஆக, பின்னால் வரும் சொல் அலங்காரம் இல்லை. அதுதான் விலாசம். அதை விட்டுவிட்டு முன்சொல்லை மட்டும் தட்டுகிறவர், பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சாவியைக் கடையில் விட்டுவருகிறார்.

பின்சொல்லே இல்லாத ஊர்களும் உண்டு. காஸ்ட்ரோ என்று ஒன்று பெர்காமோ மாகாணத்தில் இஸேயோ ஏரிக்கரையில். அதே காஸ்ட்ரோ இன்னொன்று லெச்சே மாகாணத்தில், நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில். சான் தெயோதோரோ சார்டீனியாவிலும் இருக்கிறது, சிசிலியிலும் இருக்கிறது. இங்கே உங்களைக் காப்பாற்றுவது விலாசத்தில் ஊர்ப் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் வரும் மாகாணத்தின் இரண்டு எழுத்து. பெரூஜாவுக்கு பி.ஜி., க்ரொஸ்ஸேத்தோவுக்கு ஜி.ஆர். அஞ்சல் எண்ணும் போதும்: தெல் லாகோவுக்கு 06061, தெல்லா பெஸ்காயாவுக்கு 58043. நான் இப்போதெல்லாம் முதலில் அந்த ஐந்து இலக்கத்தைத் தட்டுகிறேன், பிறகுதான் ஊரை.

'ரெஜ்ஜோ' என்று சொன்னால் நம்பிவிடுவது

ரெஜ்ஜோ எமிலியா வடக்கே, மிலானுக்கும் போலோன்யாவுக்கும் நடுவில், ஏ1 நெடுஞ்சாலை ஓரத்தில். ரெஜ்ஜோ கலாப்ரியா, வரைபடத்தில் காலணி போலத் தெரியும் இத்தாலியின் பெருவிரலில். இடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் ஊரை வெறும் ரெஜ்ஜோ என்றுதான் சொல்வார்கள். திருப்பிக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பச்சைக்கும் நீலத்துக்கும் இடம் மாற்றுவது

பிரான்சிலோ ஜெர்மனியிலோ ஓட்டிவிட்டு வருகிறவர்கள் செய்யும் தவறு இது. அங்கே மோட்டார்வே பலகை நீலம். இத்தாலியில் ஆட்டோஸ்ட்ராடா பலகை பச்சை, மற்ற சாலைகளுக்குத்தான் நீலம். 'போலோன்யா' என்று நீலத்திலும் எழுதியிருக்கும், பச்சையிலும் எழுதியிருக்கும். நீலத்தைப் பிடித்தால் ஊர் ஊராக, ரவுண்டானா ரவுண்டானாவாகப் போவீர்கள்.

இன்னொன்று. ஆட்டோஸ்ட்ராடா ஏறும் இடத்தில் உங்கள் சின்ன ஊரின் பெயரைத் தேடாதீர்கள். ஃபிளாரன்ஸில் ஏ1 ஏறும்போது அரெத்சோ போகிறவரும் 'ரோமா' என்பதைத்தான் பிடிக்க வேண்டும். திசைக்குப் பெரிய நகரம், இறங்குவதற்கு எக்சிட் பெயர். இந்த இரண்டையும் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். போனில் சார்ஜ் தீரும் நாளில் அந்தத் தாள்தான் கதி.

டோல் சீட்டைத் தொலைப்பது

எங்கே ஏறினீர்கள் என்று காட்ட முடியாவிட்டால் மிகத் தொலைவான நுழைவாயிலிலிருந்து கணக்குப் போடுவார்கள்.

கருவி இல்லாமல் மஞ்சள் 'டெலிபாஸ்' வழிக்குள் நுழைவது

டெலிபாஸ் என்பது நிற்காமலே டோல் கட்டும் கருவி. அது இல்லாமல் நுழைந்துவிட்டால் வண்டியைப் பின்னால் எடுக்காதீர்கள்.

ஒரே எண், ஒரே சாலை என்று நினைப்பது

ஏ12 ஜெனோவாவில் தொடங்குகிறது, ரோமில் முடிகிறது. நடுவில் இல்லை. ரொசின்யானோவில் நின்றுபோகும் சாலை தார்குயீனியா பக்கம்தான் மறுபடி தலைகாட்டும். இடைப்பட்ட தூரம் முழுக்க பழைய அவுரேலியா சாலை. சில இடங்களில் எதிரே வரும் லாரிக்கும் உங்களுக்கும் நடுவே வெள்ளைக் கோடு மட்டும்தான். 130இல் வந்த காலை அங்கே எடுக்க மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தெற்கே வேறு சிக்கல். சலேர்னோவிலிருந்து ரெஜ்ஜோ கலாப்ரியா போகும் சாலை முன்பு ஏ3. 2017 முதல் அது ஏ2. ஏ3 என்ற எண் இப்போது நாப்போலி–சலேர்னோ துண்டுக்கு மட்டும். பழைய வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எக்சிட் பெயரை ஊர் என்று நம்புவது

ஏ1இல் 'வால்திகியானா' என்று ஒரு எக்சிட். அது ஊர் இல்லை, பள்ளத்தாக்கு. ஏரிக்குப் போகிறவர் அங்கே இறங்கி பெரூஜா சாலையைப் பிடிக்க வேண்டும். 'ஓர்வியேத்தோ'வில் இறங்கினால் வருவது அடிவாரத்து ரயிலடிப் பகுதி. நீங்கள் படத்தில் பார்த்த ஊர் மேலே பாறை உச்சியில். பெயரோடு 'ஸ்காலோ', 'ஸ்டாசியோனே' என்று ஒட்டியிருந்தால் அது ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த கீழூர். மோண்டெபுல்சானோ ஸ்டாசியோனேவில் இறக்கிவிடப்பட்டு, மலையேற வண்டி கிடைக்காமல் பெட்டியோடு நின்றவர்களை நானே ஏற்றிப் போயிருக்கிறேன்.

வைன் பாட்டிலைப் பார்த்து ஊரைத் தேடுவது

மோண்டெபுல்சானோ ஊர் தஸ்கனியில். 'மோண்டெபுல்சானோ தாப்ருத்சோ' வைனில் உள்ளது திராட்சையின் பெயர். அது விளைவது மலைக்கு அந்தப் பக்கம், அப்ருத்சோவில்.

வீட்டுக்காரரிடம் விலாசம் மட்டும் வாங்குவது

விலாசத்தோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: "கூவாலே காசெல்லோ?" எந்த டோல் வாயிலில் இறங்க வேண்டும் என்று பொருள். உள்ளூர்க்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார். அவர் சொன்ன பெயரும் போன் காட்டும் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் வண்டியைக் கிளப்பாதீர்கள். அன்றைக்கு விமான நிலையத்தில் அந்தத் தம்பி எனக்கு எதிரிலேயே போன் போட்டுக் கேட்டார். "வால்திகியானா" என்று பதில் வந்தது. தட்டியதை அழித்துவிட்டு 06061 என்று முதலிலிருந்து தொடங்கினார்.