பொய்முடியை நம்பாதீர்கள்: நல்ல ராக் ட்ரிபியூட் குழுவைக் கண்டுபிடிப்பது எப்படி?

சோலோவின், அதாவது தனி வாசிப்பின், உச்சியில் கிதார் கலைஞர் வலது கையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து அசைத்தார். கிதார் அதுபாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

புகழ்பெற்ற ஒரு குழுவைப் போலவே வாசித்துக் காட்டும் ட்ரிபியூட் நிகழ்ச்சிகளில், நான் டிக்கெட் எடுத்துப் போன முதல் நிகழ்ச்சி அது. சுவரொட்டியில் நால்வரும் அச்சு அசலாக இருந்தார்கள். அதே சிகை, அதே இறுக்கமான கால்சட்டை, மைக்கைப் பிடிக்கும் கோணம்கூட அதே. காதால் தேர்ந்தெடுக்க வேண்டியதைக் கண்ணால் தேர்ந்தெடுத்ததுதான் என் பிழை. அதற்குப் பிறகு இந்தத் தேடலில் சில வருடங்கள் போய்விட்டன. புதிதாகத் தேடத் தொடங்குபவர்களுக்கு என் வழிமுறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பல குழுக்களின் பாடல்களையும் கலந்து வாசிப்பது கவர் குழு. ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே குடியிருப்பது ட்ரிபியூட் குழு. இதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, ஒலி, உடை, மேடை என எல்லாவற்றையும் அப்படியே மீட்டெடுப்பது. கனடாவின் 'தி மியூசிக்கல் பாக்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். ஜெனிசிஸ் குழு 1970களில் நடத்திய நிகழ்ச்சிகளை உடை, ஒளிப்படம், விளக்கு உட்பட மறுபடி மேடையேற்றுகிறார்கள். 2005இல் ஜெனீவாவில் ஜெனிசிஸின் டிரம்ஸ் கலைஞராக இருந்த ஃபில் காலின்ஸே வந்து அவர்களோடு டிரம்ஸ் வாசித்தார்.

இரண்டாம் வகைக்கு வேடம் கிடையாது, ஒலி மட்டும்தான். நெதர்லாந்தின் 'தி அனலாக்ஸ்' சாதாரண உடையில் நின்று பீட்டில்ஸின் பிற்கால ஆல்பங்களை அந்தக் காலத்துக் கருவிகளைக் கொண்டே வாசிக்கிறது. இதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. 1966 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு பீட்டில்ஸ் சுற்றுப்பயணங்களை நிறுத்திக்கொண்டது. அதன்பின் வந்த பாடல்களில் பெரும்பாலானவற்றை அவர்கள் ரசிகர்கள் முன் வாசித்ததே இல்லை. பார்த்துச் செய்ய மாதிரியே இல்லாத ஒன்றை இந்தக் குழு மேடையில் கட்டுகிறது. இதை நகல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் வகை, மூலத்தை வேறு கோணத்தில் திருப்பிக் காட்டுவது. லெட் செப்பலினைப் பின்பற்றும் 'லெஸ் செப்பலின்', அயர்ன் மெய்டனைப் பின்பற்றும் 'தி அயர்ன் மெய்டன்ஸ்' இரண்டும் பெண்கள் மட்டுமே உள்ள குழுக்கள். 'ட்ரெட் செப்பலின்' என்றொரு குழு லெட் செப்பலின் பாடல்களை ஜமைக்காவின் ரெகே தாளத்தில், எல்விஸ் பிரஸ்லி வேடமிட்ட பாடகரை வைத்துப் பாடியது. சொல்லும்போது கேலிக்கூத்தாகத் தோன்றும், கேட்டால் அப்படி இல்லை.

தொடங்குபவர்களுக்கு இரண்டாம் வகையைத்தான் சொல்வேன். வேடம் இல்லாத இடத்தில் ஏமாறுவது கடினம்.

படி 2: மூலத்தில் ஒரே ஒரு பாட்டைக் கரைத்துக் குடியுங்கள்

முழு ஆல்பமும் வேண்டாம், ஒரு பாட்டு போதும். ஆனால் அதன் ஸ்டூடியோ வடிவத்தோடு மேடை வடிவம் ஒன்றையும் கேட்டிருக்க வேண்டும். எங்கே மாறும், எங்கே தடுக்கும் என்று விரல் வைத்துக் காட்டும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் சோதனைப் பாட்டு, பிங்க் ஃபிளாய்ட் 1973இல் வெளியிட்ட ஆல்பத்திலுள்ள 'மணி' (Money, அதாவது பணம்). நாணயமும் கல்லாப்பெட்டியும் எழுப்பும் ஓசைகளை ஒட்டி வளையமாக்கிய நாடாவோடு தொடங்கும். பிறகு பேஸ் கிதார் நுழையும். ராக் இசையில் வழக்கமான நான்கு எண்ணிக்கை அல்ல இது, ஏழு. 'தகிட தகதிமி' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கேளுங்கள். அழுத்தம் விழும் இடங்கள் கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவோடு அச்சாக ஒத்துப்போகாவிட்டாலும் ஏழின் கணக்கு தவறாமல் வந்து சேரும். சாக்ஸபோன் சோலோ முடியும்வரை ஏழுதான். கிதார் சோலோ வந்ததும் தாளம் நான்குக்குத் தாவும், அது முடிந்ததும் மறுபடி ஏழு.

அந்த இரண்டு தாவல்கள்தான் சோதனை. சுமாரான குழுவில் அங்கே டிரம்ஸ் கலைஞர் மற்றவர்களைத் திரும்பிப் பார்ப்பார். பேஸ்காரர் தலையை ஆட்டி எண்ணுவார். நல்ல குழுவில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆற்றில் படகு வளைவது போலத் தாளம் தானாக வளைந்து போய்விடும்.

உங்களுக்குப் பிடித்த குழு வேறாக இருந்தால் அதிலிருந்து இப்படி ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் தெரிந்த பாட்டைவிட, ஓரிடத்திலாவது திருப்பமுள்ள பாட்டு உதவும்.

படி 3: விளம்பரக் காணொளியைத் தாண்டிப் போங்கள்

யூடியூபில் மூலக் குழுவின் பெயரோடு 'ட்ரிபியூட்', 'லைவ்' என்ற சொற்களைச் சேர்த்துத் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் குழுவே தயாரித்த விளம்பரக் காணொளி. ஐந்து விநாடிக்கு ஒரு வெட்டு, ஸ்டூடியோவில் தனியாகப் பதிந்த ஒலி, புகைமூட்டம். இதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

உங்கள் சோதனைப் பாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பார்வையாளர் யாராவது கைப்பேசியில் எடுத்தது கிடைக்கும். படம் ஆடும், முன்னால் ஒருவர் தலை மறைக்கும், பக்கத்தில் ஒருவர் சுருதியே இல்லாமல் கூடப் பாடுவார். பரவாயில்லை, உண்மை அங்கேதான் இருக்கிறது. வெட்டாமல் இருபது நிமிடமாவது ஓடுகிற பதிவு கிடைத்தால் விடாதீர்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே குழு எப்படி நடந்துகொள்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அடுத்து, அதே பாட்டை அதே குழு வேறொரு நாளில் வாசித்த பதிவைத் தேடி இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நோட்டுகள் ஒன்றாக இருப்பதில் தவறில்லை, மூலத்தை மதிக்கும் குழு அப்படித்தான் வாசிக்கும். ஆனால் பாடகர் மூச்சு வாங்கும் இடம், ஒரு நோட்டை இழுத்து நிறுத்தும் நேரம், சிறு பிசிறு எல்லாம் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால் ஒலிப்பதிவு ஓடுகிறதென்று பொருள். மனிதர்கள் ஒரே பெருமூச்சை இரண்டு முறை விடுவதில்லை.

படி 4: கண்ணை மூடிக் கேளுங்கள்

பெரும்பாலானவர்கள் பாடகரிடம் தொடங்குவார்கள். நீங்கள் டிரம்ஸில் தொடங்குங்கள்.

லெட் செப்பலின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. அதில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் ஒரே ஒரு பெடலைக் கொண்டு, ஒற்றை வலது காலால், கீழ் டிரம்மில் மும்மூன்றாக நடை போடுவார். அது இரட்டைப் பெடல் என்றே பலர் நினைத்தார்கள். இன்றைக்கு இரட்டைப் பெடல் வைத்து அதை எளிதாகச் சமாளித்துவிடலாம். சமாளிக்காமல் ஒற்றைக் காலால் முயலும் டிரம்ஸ் கலைஞரைக் கண்டால், அந்தக் குழுவின் மற்ற மூவரையும் பார்க்காமலே நம்பலாம். கொஞ்சம் மிகையாகத்தான் சொல்கிறேன், ஆனாலும் கொஞ்சம்தான்.

எளிமையும் ஒரு சோதனை. ஏசி/டிசி பாடல்களில் டிரம்ஸ் கலைஞர் ஃபில் ரட் செய்வது காகிதத்தில் எழுதினால் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை அலங்காரம் சேர்க்காமல், அவசரப்படாமல் வாசிக்கப் பலரால் முடிவதில்லை. அதே குழுவைப் பின்பற்றுபவர்கள் செய்யும் இன்னொரு பிழை, கிதாரில் கரகரப்பை அளவுக்கு மீறி ஏற்றுவது. மூலப் பதிவைத் திரும்பக் கேளுங்கள். நினைவில் இருப்பதைவிட அந்த ஒலி தெளிவானது. பள்ளிச் சீருடையில் துள்ளும் கிதார் கலைஞர் ஆங்கஸ் யங் கண்ணில் படுகிறார். பாட்டைத் தாங்கியது பின்னால் நின்ற மால்கம் யங்கின் தாளக் கிதார். ட்ரிபியூட் குழுவில் அந்த இரண்டாவது கிதார்காரர் எப்படி என்று கேளுங்கள், குழுவின் தரம் தெரிந்துவிடும்.

குயீன் குழுவைப் பின்பற்றுபவர்களிடம் ஒரு நாணயம் இருக்கிறதா என்று பார்க்கலாம். குயீனின் கிதார் கலைஞர் பிரையன் மே கிதாரை மீட்டுவது பிளாஸ்டிக் மீட்டியால் அல்ல, பழைய ஆங்கிலேய ஆறு பென்ஸ் நாணயத்தால். அதன் விளிம்பிலுள்ள வரிகள் கம்பியில் உரசும்போது நோட்டின் தொடக்கத்தில் மணல் சொரசொரப்பு போல ஒன்று கேட்கும். நல்ல ஒலிபெருக்கியில், மெதுவான பகுதியில் அது பிடிபடும்.

கடைசியாகக் குரல். அரைக் கட்டை இறக்கிப் பாடுகிறார்களா என்று மூலத்தோடு ஒப்பிடுங்கள். இறக்கினால் உடனே தள்ளிவிட வேண்டாம். ஜிமி ஹென்ட்ரிக்ஸும் கன்ஸ் அண்ட் ரோஸஸும் தாங்களே கிதாரை அரைக் கட்டை இறக்கிச் சுருதி சேர்த்தவர்கள்தான். இரண்டு கட்டை இறக்கிவிட்டு உச்ச வரியைக் கூட்டத்திடம் தள்ளிவிடும் பாடகர்தான் சந்தேகத்துக்குரியவர்.

படி 5: இப்போது கண்ணைத் திறந்து கைகளைப் பாருங்கள்

முகத்தைப் பார்க்க வேண்டாம், உடையை அறவே வேண்டாம். கிதார் கலைஞரின் வலது கைச் சுண்டுவிரலைக் கவனியுங்கள். அனுபவமுள்ளவர் வாசித்துக்கொண்டே அந்த விரலால் ஒலியளவுக் குமிழைத் தொட்டுத் தொட்டுத் திருப்புவார். பாட்டு வரும்போது ஒலி இறங்கும், சோலோவுக்கு ஏறும். ஒலிப்பதிவுக்கு விரலசைப்பவருக்கு அந்தக் குமிழ் தேவையே இல்லை.

ஆட்களையும் எண்ணுங்கள். மேடையில் நால்வர் இருக்க, வயலின் கூட்டமே ஒலித்தால் எங்கிருந்தோ வருகிறது. பின்னால் கீபோர்டுடன் ஐந்தாவது ஆள் இருக்கலாம், கணினியாகவும் இருக்கலாம். இதில் நான் கறாராக இருப்பதில்லை. 'போஹீமியன் ராப்சடி'யின் நடுவில் வரும் ஓபரா பகுதியைக் குயீன் குழுவே மேடையில் பாடவில்லை. நாடாவை ஓடவிட்டு மேடையை விட்டுப் போய்விடுவார்கள், பிறகு கனமான கிதார் பகுதிக்குத் திரும்பி வருவார்கள். மூலமே அப்படியிருக்க நகலைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மீட்டாத கிதாரை மீட்டுவதாகக் காட்டுவதுதான் எனக்குப் பொறுக்காது.

படி 6: நேரில் போங்கள்

டிக்கெட் எடுக்கும்முன் நீங்கள் காணொளியில் பார்த்த அதே ஆட்கள் வருகிறார்களா என்று சரிபாருங்கள். இந்தக் குழுக்களில் ஆள் மாற்றம் அதிகம். நல்லவர்கள் மேலே போய்விடுவதும் உண்டு. டிம் ஓவன்ஸ் ஜூடாஸ் பிரீஸ்ட் பாடல்களைப் பாடும் குழுவிலிருந்து 1996இல் ஜூடாஸ் பிரீஸ்டுக்கே பாடகரானார். யெஸ் குழு 2008இல் ஒரு ட்ரிபியூட் குழுவிலிருந்தே பாடகர் பெனுவா டேவிடை அழைத்துக்கொண்டது. அடிலெய்டில் 1988இல் தொடங்கிய 'தி ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ', பிங்க் ஃபிளாய்டின் கிதார் கலைஞர் டேவிட் கில்மரின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் அவர் முன்னாலேயே வாசித்தது.

அரங்கில் மேடையை ஒட்டி நிற்காதீர்கள். ஒலிக்கலவை மேசைக்கு அருகே நில்லுங்கள், ஒலிப் பொறியாளர் கேட்பதுதான் உங்களுக்கும் கேட்கும். காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். வயதானவர்களுக்கானது என்று அதைக் கேலி செய்த காலத்துக்காக நான் இப்போது வருந்துகிறேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் குழுவினர் மின்கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பேசக் கிடைத்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த ஆண்டின் ஒலியை எடுத்துக்கொண்டீர்கள்?" மேம்போக்கான குழு "எல்லா ஆண்டும்தான்" என்று சிரிக்கும். தோய்ந்தவர்கள் ஆண்டைச் சொல்வார்கள், சிலர் எந்த ஊர் நிகழ்ச்சி என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

எனக்கு மிகப் பிடித்த குழு இந்த வழியில்தான் அகப்பட்டது. நாற்பது நிமிடக் கைப்பேசிப் பதிவு, பாதி நேரம் யாருடைய தோளோதான் தெரிந்தது. 'மணி' பாட்டின் கிதார் சோலோ தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கிதாரின் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, செத்துவிட்டது. கிதார்காரர் பின்னால் ஓடி மின்கம்பியைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். பேஸும் டிரம்ஸும் நிற்கவில்லை. நான்கிலேயே கிடந்து, ஒலியைத் தணித்து, அவருக்காகச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சாக்ஸபோன்காரர் யாரும் கேட்காமலே முன்னால் வந்து வெற்றிடத்தை நிரப்பினார். ஆம்ப் உயிர்பெற்றதும் கிதார்காரர் விட்ட இடத்திலிருந்து சோலோவை முடித்தார், டிரம்ஸ் ஒரே உருட்டலில் ஏழுக்குத் திரும்பியது. அன்றிரவே அவர்களின் அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்தேன்.

நேரில் பார்த்தபோது என் கேள்வியை அந்தக் கிதார்காரரிடம் கேட்டேன். "1977 சுற்றுப்பயணம்" என்றார், யோசிக்கவே இல்லை. பிறகு கம்பியைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, "நீங்கள் நின்ற இடத்தில் பேஸ் சரியாகக் கேட்டதா?" என்று என்னைக் கேட்டார்.